பாசிமார்பனின் மஞ்சள் கண்

அத்தியாயம் 9

செத்துப்போன மனிதர்களில் எனக்குப் பிடிக்காதவர்கள் இரண்டு வகை. சாகும்போது கடைசியாக ஒரு தத்துவம் சொல்லிவிட்டுப் போனவர்கள் ஒரு வகை. செத்த பிறகும் சுவரில் தொங்கிக்கொண்டு நம்மை முறைக்கிறவர்கள் இன்னொரு வகை.

அருங்காட்சியகத்தின் பறவைக் கூடத்தில் ஆளுயரச் சட்டத்துக்குள் நின்றிருந்த பெரியவர் இரண்டாவது வகை. ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் துப்பாக்கி, முகத்தில் உலகத்தையே ஏலத்தில் எடுத்துவிட்ட களை. நூற்றெழுபது வருஷமாக அவர் இறங்கி வரவில்லை. அவருடைய எள்ளுப்பேரன்தான் இப்போது இங்கே இயக்குநர்.

"அண்ணி, இந்தாளு பூட்ஸைப் பாருங்க. காட்டுக்குள்ள போனவரு பூட்ஸாம். முகம் பாத்துத் தலை சீவலாம்," என்றேன்.

"வாயை மூடிட்டு வா. பதினொன்றரை ஆச்சு. நாலு மணிக்கு விசாரணை," என்றாள் அண்ணி.

துப்பறிவது அண்ணி. வாயடிப்பது நான். அண்ணியும் நாத்தனாரும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலே தலைமுடி மிஞ்சாது என்பார்கள். நாங்கள் ஒரே அலுவலகத்தில் ஆறு வருஷமாக இருக்கிறோம். எங்களுக்குள் சண்டை போட நேரமில்லை. இருவரும் சேர்ந்து திட்டுவதற்கே ஊரில் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

எங்களை வரச் சொன்னவள் பின்கட்டில் இருந்தாள். செத்த பறவைகளைப் பாடம் செய்து, உயிரோடு இருப்பதுபோல நிற்க வைக்கிற வேலை. இருபத்திரண்டு வருஷ வேலை. தலைமுடியில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும் என்பதால் எல்லோருக்கும் அவள் பஞ்சு. அறை முழுக்க அந்துருண்டை வாசனை. மேஜை இழுப்பறை ஒன்று திறந்திருந்தது. அதற்குள் சின்னச் சின்னத் தடுப்புகளில் கண்ணாடிக் கண்கள், அளவு வாரியாக, நிறம் வாரியாக. அத்தனையும் என்னையே பார்த்தன. என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த கூட்டம் நினைவுக்கு வந்தது.

"மேடம், நாலு மணிக்கு என்னைப் பொய்க்காரின்னு எழுதி வெளியே அனுப்பிடுவாங்க," என்றாள் பஞ்சு. "செத்த குருவியை நிக்க வைக்கத் தெரியும் எனக்கு. வேற எதுவும் தெரியாது. அந்த வேலை இந்த ஊர்ல வேற எங்க இருக்கு?"

"அழுதா நேரம் போகும். முதல்லேருந்து சொல்லுங்க," என்றாள் அண்ணி.

விஷயம் இதுதான். பறவைகளுக்குக் குடும்பப் பெயர் உண்டு. ஒரு குடும்பத்துக்கு யார் முதலில் பெயர் வைத்து அச்சில் ஏற்றுகிறாரோ, அவர் பெயரும் வருஷமும் அந்தக் குடும்பப் பெயருக்குப் பின்னால் காலாகாலத்துக்கும் ஒட்டிக்கொண்டு வரும். மழைக்காட்டுப் பறவைகளான பாசிமார்பன்களின் குடும்பத்துக்குப் பின்னால் இதுவரை ஒட்டிக்கொண்டு வருவது பெரியவரின் பெயர். அவருடைய தடிப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் அச்சான வருஷம் ஆயிரத்தெண்ணூற்று ஐம்பத்திரண்டு என்று போட்டிருக்கிறது.

போன மாதம் பழைய பெட்டிகளைச் சுத்தம் செய்தபோது பஞ்சுவின் கையில் ஒரு விலைப்பட்டியல் சிக்கியது. பாடம் செய்த பறவைகளை விற்ற ஒரு கடை, ஐம்பத்துநாலாம் வருஷம் அச்சடித்த பதினாறு பக்கம். அதில் பதினோராம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'பாசிமார்பன். இந்த வருஷம்தான் முதன்முதலாகக் கப்பலில் வந்தது. இதற்கு முன் இந்தப் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. கண் கரும்பழுப்பு. குடும்பப் பெயர் எங்கள் லேபிள்காரி இட்டது.' கீழே அதே குடும்பப் பெயர், எழுத்துக்கு எழுத்து.

ஐம்பத்துநாலில்தான் முதல் பறவையே வந்தது என்றால், ஐம்பத்திரண்டில் பெரியவர் எதைப் பார்த்து எழுதினார்? பஞ்சு பாவம், இந்தக் கேள்வியை ஒரு விண்ணப்பமாக எழுதி இயக்குநரிடமே கொடுத்திருக்கிறாள். திருடன் வீட்டுக் கதவைத் தட்டி, ஐயா உங்கள் கொல்லையில் எங்கள் அண்டா இருக்கிறதா என்று கேட்பதைப்போல. பட்டியல் போலி என்றார் இயக்குநர். பழைய தாளும் பழைய பசையும் பழைய மையும் அவள் அறையில்தானே இருக்கின்றன, அவளே செய்து பெட்டிக்குள் போட்டுவிட்டாள் என்றார். விசாரணைக் குழு போட்டாயிற்று. பட்டியல் இப்போது அவருடைய உறையில்.

"அடுத்த வாரம் புதுக் கூடம் திறக்கறாங்க. பெரியவர் பேரைப் பித்தளையில அடிச்சாச்சு," என்றாள் பஞ்சு.

"பித்தளைதானே? சொக்கத்தங்கம்னு சொல்லலையே, அதுவரைக்கும் நேர்மை," என்றேன்.

அண்ணி சிரிக்கவில்லை. "பட்டியல் உண்மைன்னு நிரூபிக்க இன்னொரு பிரதி இருக்கா?"

"தேடிட்டேன். இல்லை."

"அப்ப பட்டியலை விடுங்க. பெரியவரைப் பிடிப்போம். அவர் அந்தப் பறவையைப் பத்தி என்ன எழுதியிருக்காரு?"

புத்தகம் கூடத்தில், பெரியவரின் காலடியில், கண்ணாடிப் பேழைக்குள் விரித்து வைக்கப்பட்டிருந்தது. பாசிமார்பன் பக்கம்தான். நான் குனிந்து உரக்கப் படித்தேன். "'அடர்ந்த காட்டில், அட்டைகள் என் குருதியை உறிஞ்சிய அந்த விடியலில், கைக்கெட்டும் தூரத்துக் கிளையில் அது அமர்ந்திருந்தது. பொன்மஞ்சள் விழிகளால் என்னை உற்று நோக்கியது. நானும் நோக்கினேன்.' அண்ணி, இது பறவைப் புத்தகமா, காதல் கடிதமா?"

பக்கத்திலேயே இன்னொரு பேழை. அதற்குள் அந்தப் பாசிமார்பன், மரப்பீடத்தில் நட்ட குச்சியின்மேல், நூற்றெழுபது வருஷமாகப் பறக்கப்போகிற பாவனையில். பச்சை மார்பு, தடித்த அலகு. பளீரென்று மஞ்சள் கண்.

"இந்தக் கண்ணு தப்பு மேடம்," என்றாள் பஞ்சு சலிப்பாக. "பத்து வருஷமா சொல்றேன்."

அண்ணியின் தலை மெதுவாகத் திரும்பியது. "என்ன தப்பு?"

"பாசிமார்பனுக்கு மஞ்சள் கண்ணே கிடையாது. ஆணு, பொண்ணு, குஞ்சு எதுக்குமே கிடையாது. நான் மூணு பறவையைச் செத்த அன்னைக்கே கையில வாங்கிப் பாடம் பண்ணியிருக்கேன். கண்ணு கரும்பழுப்பு, புளியங்கொட்டை மாதிரி. செத்து ரெண்டு நாள்ல கண்ணு சுருங்கிடும், நிறம் போயிடும். அப்புறம் நாங்க வைக்கறதுதான் கண்ணு. இது ஆந்தைக்கு வைக்கற கண்ணு மேடம்! கையில சரியான சரக்கு இல்லாம, இருந்ததை வெச்சிருக்கான் அந்தக் காலத்து ஆளு. மாத்தித் தரேன்னு எழுதிக் கேட்டேன். வள்ளுனு விழுந்து இயக்குநர் ஒரு கடிதாசி அனுப்பினாரு."

அண்ணி உடனே பறவைக் காப்பகத்தில் இருக்கும் காவலருக்குப் போன் போடச் சொன்னாள். இரண்டு நிமிஷத்தில் அவர் உயிரோடு இருக்கும் பாசிமார்பனைப் படம் பிடித்து அனுப்பினார். பழத்தைக் கொத்திக்கொண்டே அது திரும்பிப் பார்த்தது. கண் புளியங்கொட்டைதான்.

எனக்கு விளங்கியதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அட்டை கடித்ததாம், குருதி உறிஞ்சியதாம்! மனிதர் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. கடையில் வாங்கி வந்த பொம்மைப் பறவையை மேஜைமேல் வைத்துக்கொண்டு, அதன் கண்ணாடிக் கண்ணைப் பார்த்து விடியலையும் காட்டையும் அளந்து விட்டிருக்கிறார். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று பெயரையும் அள்ளிக்கொண்டிருக்கிறார். இவருக்கு ஆளுயரப் படம், பித்தளைப் பலகை.

"முடிஞ்சுது அண்ணி. ஆளு காட்டுக்கே போகலை," என்றேன்.

"போகலைன்னா பொய்யர். அவ்வளவுதான்," என்றாள் அண்ணி. "ஐம்பத்திரண்டுலயே வேற கடையில வாங்கினார்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. இந்தக் கண்ணை எந்த வருஷம் வெச்சாங்கன்னு தெரியணும். அது எங்க எழுதியிருக்கும்?"

பஞ்சு யோசித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள், தொழில் ரகசியம் என்பதாலோ என்னவோ. "எங்க ஆளுங்ககிட்ட ஒரு பழக்கம் உண்டு மேடம். வேலையில குறை வெச்சா, பீடத்துக்கு அடியில எழுதி வெச்சுடுவோம், தேதி போட்டு. பின்னாடி ரிப்பேருக்கு எடுக்கறவன் நம்மளைத் திட்டக்கூடாது பாருங்க. தெரியாம பண்ணலை, வேற வழியில்லாம பண்ணினேன்னு ஒரு வரி. நானும் எழுதுவேன். எனக்குக் கத்துக்குடுத்தவரும் எழுதினாரு."

"இந்தப் பீடத்துக்கு அடியிலும் இருக்குமா?"

"இருக்கலாம். இல்லாமலும் போகலாம். நான் தொட்டதே இல்லையே."

"தொடலைன்னு யார் சொல்வா?" என்றாள் அண்ணி. "அடியில எழுத்து இருந்தா, அதையும் நீங்களே எழுதினதா சொல்லிடுவாங்க. பழைய மை உங்க அறையில இருக்கே."

பஞ்சுவின் முகம் வெளுத்தது. அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "அந்த வள்ளுனு விழுந்த கடிதாசி பத்திரமா இருக்கா?"

---

இயக்குநரின் அறையில் நாங்கள் உட்காருவதற்கு நாற்காலி இருந்தது. உட்காரச் சொல்லத்தான் ஆள் இல்லை. எள் என்றால் எண்ணெயாக நிற்கும் சிப்பந்திகள் இரண்டு பேர் கதவருகே நின்றார்கள். எள்ளுப்பேரனின் மூக்கு, கூடத்துப் படத்தில் இருந்த மூக்கேதான். அறிவு மட்டும் வழியில் எங்கோ இறங்கிவிட்டது போலிருக்கிறது.

"துப்பறியும் பெண்மணிகள்," என்றார், ஈ விழுந்த பாலைப் பார்ப்பதைப்போலப் பார்த்து. "ஒரு பஞ்சடைக்கிற பொம்பளைக்கு ரெண்டு பேரா?"

அண்ணி கையைக் கட்டிக்கொண்டாள். அவள் அப்படி நின்றால் யாருக்கோ கேடுகாலம் என்று அர்த்தம். "சார், எங்களுக்கே சந்தேகமாத்தான் இருக்கு. அந்தம்மா எதையெதையோ சொல்லுது. பெரியவர் பறவையோட பேழையை நடுவுல யாரோ திறந்து எதையோ மாத்திட்டாங்களாம்."

"அபாண்டம்!" நாற்காலி கிறீச்சிட்டது. "அந்தப் பேழை பெரியவர் கையால பூட்டி அரக்கு முத்திரை வெச்சது. அவர் மோதிர முத்திரை. இன்னைக்கு வரைக்கும் உடையலை. சாவி எங்க குடும்பத்தை விட்டு வெளியே போனதில்லை. இந்தப் பொம்பளை பத்து வருஷத்துக்கு முன்னாடி கண்ணை மாத்தறேன்னு வந்து நின்னா. விட்டேனா நான்?"

"விடலையா சார்?"

"நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி எழுதி அனுப்பினேன்."

"அப்ப பேழைக்குள்ள இருக்கறது எல்லாமே பெரியவர் காலத்தது. வேற ஒரு கை பட்டதில்லை. அப்படித்தானே சார்?"

"ஒரு தூசி கூட."

"ஐயோ, இதை நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா அந்தம்மா வாயை அங்கேயே அடைச்சுடலாமே," என்றாள் அண்ணி, தேன் குழைத்த குரலில்.

புகழ்ச்சிக்கு வாய் பிளக்கிறவனை வலை போட்டுப் பிடிக்க வேண்டியதில்லை. ஒரு வரி கேட்டதற்கு அவர் ஒரு பக்கம் எழுதினார். முத்திரை, மோதிரம், குடும்பம், தூசி எல்லாம் போட்டு, கையெழுத்துக்குக் கீழே தேதியும் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சொன்னவன் இந்த ஆளைப் பார்த்திருந்தால் நுணலிடம் மன்னிப்புக் கேட்டிருப்பான்.

வெளியே வந்ததும் கேட்டேன். "அண்ணி, பீடத்துக்கு அடியில ஒண்ணும் இல்லைன்னா?"

"பஞ்சுவுக்கு வேலை போயிடும்," என்றாள் அண்ணி. அதற்குப் பிறகு நான்கு மணி வரை அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. இது எங்கள் குடும்ப வரலாற்றில் ஒரு சாதனை.

---

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவர் ஓய்வு பெற்ற ஒரு நீதிபதி அம்மாள். மற்ற இருவர் அவர் எந்தப் பக்கம் தலையாட்டுகிறார் என்று பார்த்து ஆட்டுவதற்காக வந்தவர்கள். கூடத்திலேயே மேஜை போட்டிருந்தார்கள், பெரியவர் படத்துக்குக் கீழே. பஞ்சு ஓரமாக நின்றாள். அவளுடைய கருவிப்பையை ஏற்கெனவே வாங்கி மேஜைமேல் வைத்திருந்தார்கள், தீர்ப்பு எழுதி முடித்துவிட்ட அவசரத்தில்.

இயக்குநர் அரை மணி நேரம் பேசினார். குல கௌரவம், விஞ்ஞானம், கடைக்கார லேபிள்காரி எல்லாம் வந்தன. "லேபிள் எழுதற பொம்பளை ஒரு பறவைக் குடும்பத்துக்கே பேர் வெச்சாளாம்! அதைப் பஞ்சடைக்கிற பொம்பளை கண்டுபிடிச்சாளாம்!" தலையாட்டிகள் சிரித்தார்கள். நீதிபதி அம்மாள் சிரிக்கவில்லை. அவரும் ஒரு காலத்தில் யாருக்கோ டைப் அடித்துக் கொடுத்து மேலே வந்தவராக இருக்க வேண்டும்.

அண்ணி எழுந்தாள். இயக்குநர் எழுதிக் கொடுத்த தாளை முதலில் வைத்தாள். பஞ்சுவுக்கு அவர் பத்து வருஷம் முன்பு எழுதிய கடிதத்தை அதன்மேல் வைத்தாள். நீதிபதி அம்மாள் கடிதத்தை வாய்விட்டுப் படித்தார். "'பெரியவர் தம் கண்ணால் பார்த்த கண் அது. அதை மாற்ற நீ யார்? இனி அந்தப் பேழையின் பக்கம் நீ போகக் கூடாது.' இது நீங்க எழுதினதா?"

"பெருமையோட எழுதினது," என்றார் இயக்குநர்.

"அப்ப பேழையைத் திறங்க," என்றாள் அண்ணி.

அவர் தயங்கினார். ஆனால் சாவி அவர் பையில், முத்திரை எல்லோர் கண்முன்னால், சற்றுமுன் அடித்த பெருமை காற்றில். அரக்கைத் தம் கையாலேயே உடைத்தார். பறவையை நீதிபதி அம்மாளே வெளியே எடுத்துப் பீடத்தைத் திருப்பினார்.

அடியில் பச்சைத் துணி ஒட்டியிருந்தது. வெறும் துணி. ஒரு எழுத்து இல்லை.

இயக்குநர் வாய்விட்டுச் சிரித்தார். பஞ்சுவைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. அண்ணியின் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்தேன். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

"அம்மா," என்றாள் பஞ்சு. "அது மேஜையில கீறல் விழாம இருக்கக் கடைசியா ஒட்டற துணி. எழுதிட்டுத்தான் ஒட்டுவோம். என் பையில தட்டைக் கத்தி இருக்கு. நான் தொட மாட்டேன். நீங்களே மூலையில விட்டு மெதுவாக் கிளப்புங்க."

நீதிபதி அம்மாள் கிளப்பினார். காய்ந்த பசை பொருக்காக உதிர்ந்தது. துணி முழுசாகக் கையோடு வந்தது. அடியில், மரத்தின்மேல், பழுப்பேறிய மையில் நான்கு வரி. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"'கரும்பழுப்புக் கண் தீர்ந்துவிட்டது. இப்போதைக்கு ஆந்தைக் கண் வைத்திருக்கிறேன். விலைப்பட்டியலில் லேபிள்காரி கரும்பழுப்பு என்றே அச்சேற்றிவிட்டாள், அதுதான் சரி. சரக்கு வந்ததும் மாற்ற வேண்டும்.' தேதி போட்டிருக்கு. வருஷம் ஐம்பத்துநாலு."

அந்த முகம் தெரியாத ஆளை அப்போதே கும்பிட வேண்டும்போல இருந்தது எனக்கு. தன்னைத் திட்டக் கூடாதே என்று அவன் எழுதிய நான்கு வரி, பட்டியல் போலி இல்லை என்றும் சொல்லிவிட்டது, பெரியவர் யார் என்றும் சொல்லிவிட்டது. சரக்கு வருவதற்குள் அவசரப்பட்டு வாங்கிப் போயிருக்கிறார் மனிதர். ஒரு வாரம் பொறுத்திருந்தால் திருட்டு இன்று வரை மணத்துக்கொண்டிருக்கும்.

"ஐம்பத்துநாலுல வெச்ச கண்ணை," என்றார் நீதிபதி அம்மாள் நிதானமாக, "ஐம்பத்திரண்டுல அச்சான புத்தகம் எப்படிங்க பார்த்தது?"

"அது... அந்தக் காலத்துல புத்தகத்தைப் பகுதி பகுதியா அச்சடிப்பாங்க... முதல் பகுதியோட வருஷத்தையே..."

"அப்படின்னா இந்தப் பக்கம் எப்ப அச்சாச்சு?"

இயக்குநரின் பரம்பரை மூக்கு இப்போது தரையைப் பார்த்தது.

"அந்த எழுத்தை இவளே எழுதியிருக்கலாமே," என்று ஒரு தலையாட்டி மெல்ல ஆரம்பித்தார்.

"ஒரு தூசி கூடப் படலைன்னு சார் எழுதிக் குடுத்திருக்காரே," என்றேன் நான். "முத்திரை குத்தி! சார் பொய் சொல்வாருங்கறீங்களா?"

பஞ்சுவின் கருவிப்பையை நீதிபதி அம்மாளே எடுத்து அவளிடம் நீட்டினார். குற்றச்சாட்டு தள்ளுபடி, வேலை அப்படியே. பித்தளைப் பலகையை உருக்கி வேறு பெயர் அடிக்க வேண்டும். லேபிள்காரியின் பெயர் பட்டியலின் கடைசி வரியில், எறும்பு சைஸ் எழுத்தில் இருந்தது. அதைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லி உத்தரவு.

பஞ்சு பையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். அழுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அண்ணியின் முந்தானையில் என் மூக்கைத் துடைத்துக்கொண்டது தூசிக்காகத்தான்.

கூட்டம் கலைந்தது. பறவை மட்டும் மேஜையில், மஞ்சள் கண்ணோடு, பெரியவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் கூடத்துக்கு ஊரே வரும். ஏன் இந்தக் கண் மஞ்சள் என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் யாராவது கதையைச் சொல்வார்கள். இந்தக் கணக்கு இயக்குநருக்கு மெதுவாக எட்டியது. அவர் பஞ்சுவின் அருகில் வந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளை 'வாங்க போங்க' என்று பேசினார்.

"உங்ககிட்ட அந்தக் கரும்பழுப்புக் கண்ணு இருக்குமில்லையா? இன்னைக்கே மாத்திடுங்களேன். நானே அனுமதி எழுதித் தரேன்."

பஞ்சு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பறவையைத் தூக்கி, மஞ்சள் கண் நேராகப் படத்தைப் பார்க்கும்படி பேழைக்குள் நிறுத்தி, கதவைச் சாத்தினாள்.

"பெரியவர் தம் கண்ணால பார்த்த கண்ணு சார் அது," என்றாள். "மாத்தறதுக்கு நான் யாரு?"